ஒரு கூரை, பல அடுப்புகள்: செட்டிநாட்டுச் சிறுநகரின் குடும்பமும் கலையும் உணவும்

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘செட்டிநாடு’ என்னும் சொல்லைக் கேள்வியுறாத தமிழ் மாணவர் அரியர். ஆயினும், அச்சொல் ஒரு நிலப்பகுதியின் பெயர் என்பதை அறிந்தோர் அவர்களுள் சிலரே. உணவகப் பெயர்ப்பலகை, மசாலைத்தூள் உறை, காரம் மிகுந்த கோழிக்கறி ஆகியவற்றின் வாயிலாகவே அச்சொல் அவர்களுக்கு அறிமுகமாகிறது. ஒரு வட்டாரத்தின் வாழ்க்கை முழுவதும் ஒரு சுவையின் பெயராகச் சுருங்கிவிட்டது எனலாம்.

இக்கட்டுரை கானாடுகாத்தான் என்னும் சிறுநகரையும் அதனை அடுத்துள்ள ஆத்தங்குடி, காரைக்குடி ஆகிய ஊர்களையும் களமாகக் கொண்டு, அங்கு வாழும் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் குடும்ப வாழ்க்கை, வட்டாரக் கைவினை, உணவு ஆகிய மூன்றையும் விளக்க முற்படுகிறது. இவை தனித்தனியே எழுதப்பெறுவதே பெருவழக்கு. கட்டடக் கலைஞர் வீட்டைப் பற்றி எழுதுவர். சமையல் நூலார் உணவைப் பற்றி எழுதுவர். பொருளியல் வரலாற்றாசிரியர் வட்டித்தொழிலைப் பற்றி எழுதுவர். எனினும், இம்மூன்றையும் பிணைத்து நின்றது ஒரு குடும்ப ஏற்பாடு. அதனை விளங்கிக்கொண்டாலன்றி மற்றவற்றை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஊரும் பின்புலமும்

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அடங்கிய வறண்ட நிலப்பகுதி. தொண்ணூற்றாறு ஊர்கள் என்பது மரபு வழிக் கணக்கு. இன்று எழுபதிற்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் வீடுகள் உள்ளன. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது ஊர்க் கோயில்களை அடிப்படையாகக் கொண்டு இச்சமூகத்தின் பிரிவுகள் அமைந்துள்ளன.

கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பேரூராட்சி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவிய இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஊர் அது. 1912இல் கட்டப்பெற்ற அவரது மாளிகை இன்றும் அவ்வூரின் அடையாளமாக விளங்குகிறது. ஆற்றுப் பாசனம் இல்லாத இந்நிலத்தில் இத்தகைய மாளிகைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தமைக்கு உள்ளூர் விளைச்சல் காரணமன்று. இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் ஆகிய இடங்களில் ஈட்டிய பொருளே காரணம். பினாங்குத் தண்ணீர்மலைச் சாலையில் 1857இலும் சிங்கப்பூர்த் தேங்க் சாலையில் 1859இலும் எழுந்த தெண்டாயுதபாணி கோயில்கள், நகரத்தார் இந்நாடுகளில் எவ்வளவு முன்னரே வேரூன்றினர் என்பதற்குச் சான்றாகும். இவர்கள் மலாக்காச் செட்டிகளினின்றும் வேறானவர்கள் என்பதை இங்குச் சுட்டுதல் தகும். மலாக்காச் செட்டிகள் மலாக்காச் சுல்தான்கள் காலத்து வணிகர் வழி வந்து, மலாய் பேசி, இந்நாட்டிலேயே குடும்பம் அமைத்துக்கொண்டவர்கள். நகரத்தாரோ தொழிலை மலாயாவிலும் குடும்பத்தை ஊரிலும் வைத்திருந்தவர்கள்.

புள்ளியும் வேறுவைத்தலும்

நகரத்தார் குடும்பத்தைக் கூட்டுக்குடும்பம் என்று ஒரு சொல்லில் கூறிவிடுவது பிழையாகும். அது கூட்டுக்குடும்பமும் தனிக்குடும்பமும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு. திருமணம் முடிந்ததும் கணவனும் மனைவியும் சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’ ஆவர். துணையை இழந்தவர் அரைப்புள்ளியாகக் கருதப்பெறுவார். கோயில் வரி புள்ளிக் கணக்கின்படியே பெறப்படும். மணநாளன்று கோயிலிலிருந்து வரும் மாலை, அப்புதிய புள்ளியைச் சமூகம் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும்.

மணமான மகனையும் மருமகளையும் சில காலத்தில் பெற்றோர் ‘வேறு வைப்பர்’. வேறுவைத்தல் என்பது வீட்டை விட்டு வெளியேற்றுதல் அன்று. அவர்கள் அதே வீட்டில், தமக்கென ஒதுக்கப்பெற்ற அறையோடு வாழ்வர். ஆனால் அடுப்பு வேறு, வரவுசெலவு வேறு. அரிசி, பருப்பு, பாத்திரம் முதலியவற்றைப் பெற்றோர் தொடக்கத்தில் தந்துவிடுவர். அதன்பின் தம் வரவுக்குள் செலவை அடக்கிக் குடும்பம் நடத்துவது இளையோரின் பொறுப்பு. நான்கு மகன்கள் உள்ள வீட்டில் நான்கு அடுப்புகள் எரிவது இயல்பு. மனவேற்றுமையால் அன்றி, மனவேற்றுமை தோன்றாதிருக்கவே அடுப்புகள் பிரிந்தன என்பது நோக்கத்தக்கது.

இவ்வேற்பாட்டின் தேவையைக் கடல்கடந்த தொழிலோடு சேர்த்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். மேலாளாகவோ அடுத்தாளாகவோ மலாயாவுக்குச் சென்றவர் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கு முடிந்த பின்னரே ஊர் திரும்புவார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மனைவியரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் மிகக் குறைவு. ஆகவே, தனித்த அடுப்பை நடத்தியவர் பெரும்பாலும் ஆச்சி ஒருவரே. மாமியாரும் ஓரகத்தியரும் எட்டும் தொலைவில் இருந்தமையால் அவருக்குக் காவலும் துணையும் உண்டு. கணக்கு தனித்திருந்தமையால் தன்னுரிமையும் உண்டு. கணவன் அனுப்பிய பணத்திற்கு அவரே கணக்கு வைத்தார். பெண்கள் தம் சீதனப் பணத்தை வட்டிக்கடைகளில் முதலீடு செய்தனர் என்பதையும், அம்முதலீடு ‘ஆச்சிமார் பணம்’ எனத் தனித்து வழங்கப்பெற்றது என்பதையும் டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட ஆய்வு நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அடுப்படியும் பெட்டியடியும் தொடர்பற்றவையல்ல என்பது இதனால் புலனாகும்.

இதற்கு நேர்மாறான அமைப்பு ஒன்றைச் சிங்கப்பூர் மார்க்கெட் வீதியிலும் பினாங்கிலும் காணலாம். ‘கிட்டங்கி’ எனப்பட்ட கடைவீடுகளில் பல தொழிற்கடைகள் ஒரே கூடத்தில் நடைபெற்றன. ஒவ்வொரு கடைக்கும் ஒரு சாய்மேசை, ஒரு பெட்டி, ஒரு பாய் விரிக்கும் இடம். உணவோ சமையற்காரர் சமைத்த பொது உணவு. அதாவது, ஊரில் ஒரு கூரையின்கீழ்ப் பல அடுப்புகள். கிட்டங்கியில் ஒரு கூரையின்கீழ்ப் பல பெட்டிகளும் ஓர் அடுப்பும். இடத்தைப் பகிர்ந்து, கணக்கைப் பகிராமல் வாழும் ஒழுங்கை நகரத்தார் இளமையிலேயே வீட்டில் கற்றனர் என்று கொள்ளலாம்.

வீட்டின் அமைப்பு

செட்டிநாட்டு வீடு இக்குடும்ப ஏற்பாட்டின் கட்டட வடிவமே. தெருவை நோக்கிய முகப்பு, திண்ணை, விருந்தினரையும் வணிகரையும் வரவேற்கும் கூடம் ஆகியவை முன்பகுதி. அதனைக் கடந்தால் வானத்தை நோக்கித் திறந்த முற்றத்தோடு கூடிய ‘வளவு’. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் அமைந்திருக்கும். மணமான மகன் ஒவ்வொருவருக்கும் அவ்வறைகளில் ஒரு பங்கு உண்டு. மணப்பெண் கொண்டுவந்த சீர்ப்பொருள்கள் அங்கேயே பூட்டி வைக்கப்பெறும். அடுத்துள்ள கட்டுகளில் உணவுக்கூடமும் களஞ்சியமும் அடுப்படிகளும் இருக்கும். வீட்டின் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும்.

வளவில் நடப்பவை யாவும் பொது. அறைக்குள் இருப்பவை தனி. திருமணம், சாந்தி, படைப்பு ஆகியவற்றிற்கு வளவில் அனைவரும் கூடுவர். அன்று சமையலும் பொது. மற்ற நாள்களில் அவரவர் அடுப்பு. வீடு பெரிதாக இருந்தமைக்குச் செல்வச் செருக்கு மட்டுமே காரணமன்று. இத்தனை புள்ளிகளையும் இத்தனை சடங்குகளையும் ஓரிடத்தில் அடக்க வேண்டிய தேவையும் காரணமாகும். முற்றத்தைச் சூழ்ந்த சரிவான ஓட்டுக்கூரை மழைநீரை உள்ளே இறக்கியது. ஊரில் ஓடிய நீர் ஊருணிகளில் சேர்ந்தது. வறண்ட நிலத்தில் வாழ்ந்தோரின் முன்னறிவு இது.

கட்டுமானப் பொருள்களில் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றை வீடாக்கியவர்கள் உள்ளூர்க் கொத்தரும் தச்சரும் என்பது போதிய அளவு பேசப்படவில்லை. சுண்ணாம்புக் காரையைப் பல படலங்களாகப் பூசி, முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர்ப்பூச்சு அவர்தம் கைத்திறன். நிலைவாசலில் திருமகளையும் கொடிக்கருக்கையும் செதுக்கிய மரவேலை ஆசாரிமாரின் கொடை.

கைவினை: பயனும் உறவும்

செட்டிநாட்டுக் கைவினைகளுள் மூன்றை இங்குக் காண்போம். முதலாவது, ஆத்தங்குடிப் பூக்கல். சிமெந்து, வட்டார மணல், வண்ணப்பொடி ஆகியவையே இதற்குரிய பொருள்கள். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, ஒவ்வோர் அறையிலும் வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றுவர். அச்சை எடுத்தபின் உலர்ந்த சிமெந்து மணலைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்வர். பிறகு பல நாள் நீரில் ஊறவைத்து உலர்த்துவர். கண்ணாடியை நீக்கும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் படிந்திருக்கும். சூளையில் சுடுவது இல்லை. பினாங்கு, மலாக்காப் பழைய கடைவீடுகளின் ஐந்தடியில் காணும் பூவேலைத் தரைக்கற்களோடு இவற்றை ஒப்பிடும் மாணவர், ஒரே காலத்து வணிக உலகின் இரு கரைகளையும் காண்பர்.

இரண்டாவது, கொட்டான். சாயமேற்றிய பனையோலையால் பின்னப்பெறும் இக்கூடைகளை ஆச்சிமார் தாமே பின்னினர். மணியும் நூற்பின்னலும் சேர்த்து அழகு செய்தனர். வெற்றிலை பாக்கு, பலகாரம், தேங்காய் ஆகியவற்றை வைத்துக் கொடுக்கும் கலம் அது. ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்கு முறை செய்யும்போது கொட்டானும் உடன் செல்லும். எனவே அதனை அலங்காரப் பொருள் என்பதினும் உறவின் கலம் என்பதே பொருந்தும். வழக்கொழியும் நிலையிலிருந்த இப்பின்னல் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் மீண்டும் பயிற்றுவிக்கப்பெற்று, புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இன்று அதனைப் பின்னுவோர் அவ்வட்டாரத்துச் சிற்றூர்ப் பெண்கள். அவர்களுக்கு அது வாழ்வாதாரம்.

மூன்றாவது, கண்டாங்கிச் சேலை. காரைக்குடி நெசவாளர் நெய்யும் தடித்த பருத்திச் சேலை இது. அகன்ற கரையும் கட்டமும் கோடும் இதன் அடையாளம். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு ஆகியவை பழகிய வண்ணங்கள். கணுக்கால் தெரியுமாறு சற்று உயர்த்திக் கட்டப்பெற்ற இச்சேலை, நாள் முழுதும் வீட்டுப் பணியை மேற்பார்த்து நடமாடிய ஆச்சிமாருக்கு ஏற்ற உடையாக இருந்தது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

இம்மூன்றும் காட்சிக்கென உருவானவையல்ல. ஒன்று நடப்பதற்கு, ஒன்று கொடுப்பதற்கு, ஒன்று உடுப்பதற்கு. பயன்பாடும் உறவுமுறையும் இவற்றின் வடிவத்தைத் தீர்மானித்தன என்பது குறிப்பிடத்தக்கது.

உணவு: வறட்சியும் வணிகமும்

செட்டிநாட்டு உணவென்றால் காரம் என்னும் கருத்து உணவகங்கள் பரப்பியது. உண்மையில் அவ்வுணவின் இயல்பை இரண்டு காரணங்கள் உருவாக்கின. ஒன்று நிலத்தின் வறட்சி. மற்றொன்று கடல் வணிகம்.

வறட்சியின் சுவடு ‘மண்டி’ என்னும் உணவில் தெரியும். அரிசி களைந்த நீரை வீணாக்காமல், புளியும் மிளகாயும் சேர்த்து, அதில் வெண்டைக்காயையோ பயறு வகையையோ வேகவைப்பது மண்டி. மாவற்றல், கத்தரி வற்றல் முதலியன காய்கறி கிடைக்காத நாள்களுக்கான சேமிப்பு. பெருஞ்செல்வர் வீட்டிலும் இவை இடம்பெற்றன. சிக்கனம் என்பது வறுமையின் விளைவாக இல்லாமல் ஒழுக்கமாகவே போற்றப்பெற்றது. தனி அடுப்பை நடத்தும் இளம் மனைவியின் திறமை, எவ்வளவு ஆடம்பரமாகச் சமைத்தார் என்பதால் அன்றி, எதனை வீணாக்காமல் சமைத்தார் என்பதால் அளக்கப்பெற்றது.

கடல் வணிகத்தின் சுவடு விருந்து உணவில் தெரியும். கறியில் சேரும் அன்னாசிப்பூ சீன, வியட்நாமியப் பகுதிகளின் விளைபொருள். மங்கல நாள்களில் இலையில் இடம்பெறும் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்த கருநிற ஒட்டரிசி. அதனை ஊறவைத்து வேகவைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்துப் பரிமாறுவர். நம் நாட்டுப் ‘பூலுட் ஹித்தாம்’ உண்டு பழகிய மாணவருக்கு அதன் சுவை புதிதன்று. அங்கு நெய்யும் ஏலமும். இங்குத் தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும். அரிசி ஒன்றே, அடுப்பு வேறு. ‘ரங்கூன் புட்டு’ என்னும் இனிப்போ ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பலகாரங்களின் இடம் தனிச்சிறப்புடையது. தேன்குழல், மனகோலம், அதிரசம், மாவுருண்டை முதலியன பல நாள் இருக்கத்தக்கவை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலைச் சீயம் முதலியன அன்றே உண்ணத்தக்கவை. திருமணத்திலும் பண்டிகையிலும் இன்னாருக்கு இன்ன பலகாரம், இத்தனை எண்ணிக்கை என்னும் முறை உண்டு. கொடுத்தது குறித்து வைக்கப்பெறும். உரிய காலத்தில் திருப்பிச் செய்யப்பெறும். வட்டிக்கடைப் பேரேட்டில் இருந்த அதே ஒழுங்கு அடுப்படியிலும் இருந்தது என்றால் அது மிகையன்று.

பொருள்களோடு வந்த சொற்கள்

மணப்பெண்ணுக்கு வழங்கும் சீரில் வெள்ளி, பித்தளை, அரக்குப் பூசிய ‘மரவை’ ஆகியவற்றோடு ‘மங்குச் சாமான்’ என்பதும் அடங்கும். பீங்கான், எனாமல் பாத்திரங்களை இச்சொல் குறிக்கும். கிண்ணத்தைக் குறிக்கும் ‘மங்குக்’ என்னும் மலாய்ச் சொல்லோடு இது ஒப்பிடத்தக்கது. தமிழ், மலாய்ச் சொல் உறவை மலாயில் உள்ள தமிழ்ச் சொற்களைக் கொண்டு மட்டுமே நாம் கற்பிக்கிறோம். ‘கப்பல்’ மலாய்க்குச் சென்றதைச் சொல்லும் ஆசிரியர், ‘மங்கு’ தமிழ் வீட்டுக்குள் வந்ததையும் சேர்த்துச் சொல்லலாம்.

உறவுப்பெயர்களும் கவனத்திற்குரியன. தந்தையை அப்பச்சி என்றும், தாய்மாமனை அம்மான் என்றும், தந்தையின் தாயை அப்பத்தா என்றும், தாயின் தாயை ஆயா என்றும் அழைப்பது இவ்வட்டார வழக்கு. நம் நாட்டில் ‘ஆயா’ என்பது குழந்தை பேணும் பணிப்பெண்ணைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. ஒரே சொல் ஒரு கரையில் பாட்டியாகவும் மறுகரையில் பணியாளாகவும் நிற்பதை மொழி வகுப்பில் விளக்கினால், வட்டார வழக்கு என்றால் என்ன என்பது மாணவருக்கு எளிதில் விளங்கும்.

செல்வத்தின் மறுபக்கம்

இவ்வாழ்வின் அழகை மட்டும் கூறி அமைவது நடுநிலை ஆகாது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது கடனைத் திருப்பித் தர இயலாத உழவரின் நிலங்கள் வட்டிக்கடைகளின் கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1937இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. தேக்குத் தூண்களைப் பார்க்கும் கண், நிலம் இழந்த அவ்வுழவரையும் நினைத்தல் வேண்டும். அந்நிலங்களும் நிலைக்கவில்லை. 1942இல் சப்பானியப் படையெடுப்பு, பர்மா விடுதலைக்குப் பிந்தைய நில நாட்டுடைமை, 1960களின் வெளியேற்றம் ஆகியவற்றால் அங்கிருந்த சொத்து கைநழுவியது. மலாயாவில் 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம் தொழிலை நெறிப்படுத்தியது; வங்கிகளின் வளர்ச்சி அதன் இடத்தைக் குறைத்தது. சிங்கப்பூர் மார்க்கெட் வீதிக் கிட்டங்கிகள் 1970களில் நகரச் சீரமைப்பின்போது இடிக்கப்பெற்றன.

கடல்கடந்த வருவாய் நின்றதும் ஊரின் ஏற்பாடும் தளர்ந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர் ஆயினர். அனைவரும் இசைந்தாலன்றிப் பழுதுபார்க்க இயலாத நிலையில், பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில பிரித்து விற்கப்பெற்றன. நிலைவாசலும் தூணும் மங்கும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. வேறு சில வீடுகள் விடுதிகளாகப் புதுவாழ்வு பெற்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவையே. எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. விடுதியில் கவுனி அரிசி கிடைக்கும். ஆனால் அதனை யாருக்கு, எந்நாளில், எம்முறையில் பரிமாறுவது என்னும் ஒழுங்கு அங்கில்லை. கடையில் கொட்டான் கிடைக்கும். ஆனால் அது திரும்பிவரும் வீடு இல்லை. பொருள் பிழைத்துக்கொள்ள, பொருளை நடத்திய உறவு மறைகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், செட்டிநாட்டின் குடும்பமும் கலையும் உணவும் வேறுவைத்தல் என்னும் ஓர் ஏற்பாட்டைச் சுற்றி வளர்ந்தவை என்பது பெறப்படும். ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருக்க, பெண்கள் தனித்தனி அடுப்புகளை ஒரே கூரையின்கீழ் நடத்திய வாழ்க்கைக்கு ஏற்ற வீடு, அவ்வீட்டுக்கு ஏற்ற கலம், அக்கலத்திற்கு ஏற்ற பலகாரம் என ஒன்றையொன்று தொடர்ந்தன.

இது நமக்கு அயல்நாட்டுச் செய்தியன்று. அவ்வீடுகளில் பல, இந்நாட்டில் ஈட்டிய பொருளாலும் எழுந்தவை. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை நாம் ஓரளவு எழுதியுள்ளோம். வணிகர் குடும்ப வரலாற்றை, அதிலும் ஊரில் காத்திருந்த பெண்களின் வரலாற்றை, இன்னும் போதிய அளவு எழுதவில்லை. மூன்றாண்டுக் கணக்கை வீட்டிலிருந்து அனுபவித்த தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்தம் மக்களும் பெயரரும் இந்நாட்டிலும் தமிழகத்திலும் உள்ளனர். பலகாரப் பெயர், சீர்ப் பட்டியல், உறவுப்பெயர், கிட்டங்கி வழக்குச் சொல் ஆகியவற்றை அவர்களிடம் கேட்டுத் தொகுப்பது பட்ட மாணவரின் ஆய்வேட்டுக்கும் இடைநிலைப்பள்ளி மாணவரின் செயல்திட்டத்திற்கும் ஏற்ற பணி. தேக்கு நிலைக்கு விலை கொடுப்போர் எப்போதும் இருப்பர். சொல்லை விலை கொடுத்து வாங்க இயலாது. அதனைக் கேட்டு எழுதிவைக்கும் பொறுப்பு தமிழாசிரியரையே சார்ந்தது.